படிக்கப் போன இடத்தில் பாட்டு



இங்கிலாந்தை 1509-ஆம் ஆண்டு முதல் 1547 வரை ஆண்ட எட்டாம் ஹென்றிக்கு மனைவியர் ஆறு பேர். இருவரைத் திருமணமே செல்லாது என்று சொல்லித் தள்ளிவைத்தார். இருவரின் தலையை வெட்டச் சொன்னார். ஒருவர் பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். ஆறாமவர் அரசருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். அந்த நாட்டுப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே இந்தக் கணக்கை ஒப்பித்துவிடுவார்கள்.

ஏறக்குறைய 470 ஆண்டு கழித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த டோபி மார்லோவுக்குக் கவிதை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை தோன்றியது. இந்த ஆறு ராணிகளும் இன்றைய பாப் பாடகிகளைப்போல ஒரு குழுவாகச் சேர்ந்து கச்சேரி செய்தால் எப்படி இருக்கும்? பல்கலைக்கழகத்தின் இசை நாடக மன்றம், எடின்பரோ விழாவில் போடுவதற்குப் புதிதாக ஏதாவது எழுதித் தரும்படி ஏற்கெனவே அவரைக் கேட்டிருந்தது. வரலாறு படித்துக்கொண்டிருந்த லூசி மாஸ் என்ற தோழியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் இறுதித் தேர்வு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். படிப்புக்கு நடுவே கிடைத்த நாட்களில் உட்கார்ந்து எழுதி முடித்தார்கள். நாடகத்துக்குப் பெயர் ‘சிக்ஸ்’.

2017 ஆகஸ்டில் எடின்பரோவில், ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் அரங்கேற்றம். நடித்தவர்களும் மாணவர்கள்தான்.

இந்த எடின்பரோ விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1947-இல் அந்த ஊரில் பெரிய கலைவிழா ஒன்றைத் தொடங்கியபோது, யாரும் அழைக்காமலே எட்டு நாடகக் குழுக்கள் வந்து ஓரமாக நாடகம் போட்டன. அந்த ‘ஓரம்’தான் வளர்ந்து இன்று உலகத்தின் மிகப் பெரிய கலைவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இடம் பிடித்துப் பணம் கட்டினால் மேடை ஏறலாம். ஆனால் நேரத்தில் கறாராக இருப்பார்கள். ஒரே அறையில் காலை முதல் நள்ளிரவு வரை ஒன்று மாற்றி ஒன்று நடந்துகொண்டே இருக்கும். உங்கள் பங்குக்கு வருவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். முடிந்த கையோடு சாமான்களை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், அடுத்த குழு வாசலில் நிற்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஹென்றியின் அரண்மனையை எங்கே கட்டுவது? கச்சேரி என்று வைத்துக்கொண்டால் அரண்மனை வேண்டாம். ஆறு பேர், ஆளுக்கொரு மைக், பின்னால் நாலு பேர் வாத்தியம். யார் அதிகமாகக் கஷ்டப்பட்டாரோ அவரே குழுவின் தலைமைப் பாடகி என்று ஒரு போட்டி. ஒவ்வொருவராக வந்து தன் கதையைப் பாட வேண்டும். ராஜா மேடைக்கே வருவதில்லை. கையில் காசில்லாத மாணவர்கள் போட்டுக்கொண்ட இந்தத் திட்டம், பிறகு லண்டனுக்குப் போனபோதும் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனபோதும் மாறவில்லை. உடையும் விளக்கும் பளபளப்பாகின. நாடகம் மட்டும் இன்றைக்கும் இடைவேளை இல்லாமல் சுமார் 80 நிமிடம்தான்.

பிராட்வேயில் திறப்பு விழா 2020 மார்ச் 12 அன்று என்று குறித்திருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணியோடு, கொரோனா காரணமாக, பிராட்வே அரங்குகள் எல்லாவற்றையும் மூட உத்தரவு வந்தது. ஒன்றரை வருடம் காத்திருந்து, 2021 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்தார்கள். மறு ஆண்டு, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருது, சிறந்த இசைக்காக மார்லோவுக்கும் மாஸுக்கும் கிடைத்தது.

படிக்கப் போன இடத்தில் பாட்டு எதற்கு, கூத்து எதற்கு என்று கேட்கிற பெரியவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காது. ஆனால் இது ஏதோ ஒரு முறை அடித்த லாட்டரி என்றும் சொல்லிவிட முடியாது. ஆங்கில இசை நாடகத்தின் வரலாற்றைப் புரட்டினால், திரும்பத் திரும்ப ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் விடுதி அறைக்கோ மாணவர் அரங்குக்கோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. இன்றைய உரையில் அதைத்தான் பேச நினைக்கிறேன்.

முதலில், இசை நாடகம் என்று எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம்மில் பலருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் நினைவுக்கு வரும். அங்கே பபூன் வந்தால் மனதில் பட்டதைப் பேசலாம், உள்ளூர்ப் பெரியவரைக் கிண்டல் செய்யலாம், கைதட்டல் விழுந்தால் பாட்டை இன்னும் இழுக்கலாம். இங்கிலாந்து, அமெரிக்க இசை நாடகத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. அச்சில் உள்ள சொல், அச்சில் உள்ள சுரம், அவ்வளவுதான். உரிமைதாரரைக் கேட்காமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இன்னொரு வித்தியாசம், பாட்டுக்கு அங்கே வேலை உண்டு. பாட்டு தொடங்கும்போது தயங்கிக்கொண்டிருந்த பாத்திரம், பாட்டு முடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பாட்டைத் தூக்கிவிட்டால் கதை அறுந்துபோகும். நம் சினிமாவில் பாட்டை வெட்டினாலும் கதை நிற்கும். தொலைக்காட்சியில் வெட்டித்தானே போடுகிறார்கள்! பாட்டையும் கதையையும் இப்படி இறுக்கிக் கட்டியதற்கு முன்மாதிரியாக 1943-இல் வந்த ‘ஓக்லஹோமா’வைச் சொல்வார்கள். அதற்கு இசை அமைத்த ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், பாட்டும் வசனமும் எழுதிய ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் இருவருமே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள். அங்கே ஆண்டுதோறும் மாணவர்களே எழுதி நடத்துகிற ‘வர்சிட்டி ஷோ’ 1894-இல் தொடங்கியது. இருவரும் அதில் கைபழகியவர்கள்.

இனி ஒரு மாணவியின் நாளைப் பார்ப்போம். என் தங்கை மகள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் சிவில் எஞ்சினியரிங் படிக்கிறாள். ஊரில் இருந்தபோது கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவள். போன வேகத்தில் பல்கலைக்கழகத்தின் இசை நாடக மன்றத்தில் சேர்ந்துவிட்டாள்.

காலை ஒன்பதுக்கு வகுப்பு. பிறகு ஆய்வகம். மாலையில் இரண்டு நாள் ஒரு காபிக் கடையில் வேலை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். ஏழு மணிக்கு ஒத்திகை, பத்து வரைக்கும். அறைக்குத் திரும்பி, ஐந்து பேருக்குப் பொதுவான சமையலறையில் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கொடுக்க வேண்டிய அசைன்மெண்டைத் திறப்பாள். அவள் அம்மாவுக்கு இது தெரியும். எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்பது மட்டும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

போன வருடம் அவர்கள் எடுத்துக்கொண்ட நாடகம் ‘ஸ்வீனி டாட்’. ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்துப் பாட்டெழுதி 1979-இல் பிராட்வேயில் வந்தது. லண்டனில் ஒரு நாவிதர், தன்னைக் கெடுத்தவர்களைப் பழிவாங்கப் புறப்பட்டு, சவரம் செய்ய வருகிறவர்களின் கழுத்தை அறுக்கிறார். கீழ்த்தளத்தில் பலகாரக் கடை வைத்திருக்கும் அம்மாள் அந்த இறைச்சியை உள்ளே வைத்துப் பலகாரம் செய்து விற்கிறாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. இப்படியொரு கதையை முக்கால்வாசிக்கு மேல் பாட்டாகவே சொல்லியிருக்கிறார் சாண்ட்ஹைம்.

“உனக்கு என்ன வேடம் கண்ணு?” என்று கேட்டேன்.

“மாமா, முதல் பாதியில சந்தைக்கு வர்ற பொம்பளை. ரெண்டாம் பாதி ஆரம்பத்துல பலகாரம் தின்ன வர்றவ. அப்புறம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒருத்தி.”

பெயருள்ள பாத்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் கோஷ்டியில் இருப்பதுதான் கஷ்டம் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. நம் சங்கீதத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடினாலும் பத்துப் பேரும் ஒரே வரியைத்தான் பாடுவார்கள். அங்கே நான்கு வகைக் குரல்களுக்கும் வேறுவேறு சுரவரிசை. அதற்குள்ளும் சில இடங்களில் இரண்டாகப் பிரியும். இவளுடையது கீழ்க்குரல். இவள் பாடுகிற வரியைத் தனியாகக் கேட்டால் அது ஒரு பாட்டென்றே தோன்றாது. ஒரே சுரத்தில் நாலு எழுத்து, பிறகு அரைச்சுரம் ஏறி ஒன்று, மறுபடியும் பழைய இடம். பக்கத்தில் நிற்கிற மூன்று பேர் வேறு வேறு சுரத்தில் பாடும்போது காது தானாகவே ராகம் இருக்கிற பக்கம் சாய்ந்துவிடும். சாயாமல் நிற்க வேண்டும். சிறு வயதிலிருந்து சுருதியோடு ஒட்டிப் பாடிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய சோதனை. தன் பகுதியை மட்டும் பியானோவில் வாசித்துப் போனில் பதிந்துவைத்துக்கொண்டு, பஸ்ஸில், துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால், காபிக் கடையில் மேசை துடைக்கும்போது, அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பலகாரம் தின்னும் காட்சியில் இன்னொரு சிக்கல். வாயில் உண்மையாகவே எதையாவது போட்டு மெல்ல வேண்டும், மென்றுகொண்டே தாளம் தப்பாமல் பாடவும் வேண்டும். எந்த எழுத்துக்கு முன்னால் விழுங்குவது என்று புத்தகத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தாள்.

அந்தப் புத்தகமே வாடகைப் புத்தகம். இசை நாடகங்களை மேடையேற்றும் உரிமையை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனலைத் தொடங்கியவர் ஃபிராங்க் லோசர் என்ற இசையமைப்பாளர், ஆண்டு 1952. பணம் கட்டினால் வசனப் புத்தகமும் இசைக் குறிப்பும் பெட்டியில் வரும். நாடகம் முடிந்ததும் பென்சில் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசிக் காட்சி முடிந்த அன்று இரவே மேடையைப் பிரித்து அடுக்கிவிட்டு, மறுநாள் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். வீடியோ அழைப்பில் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் வேறு ஏதோ ஒரு கல்லூரியில் வேறு ஒரு பெண் எழுதி, அழித்தும் முழுக்க அழியாத குறிப்புகள் இருந்தனவாம். அதே இடத்தில் அவளும் மூச்சு எடுத்திருக்கிறாள் என்று காட்டினாள்.

சரி, இவ்வளவு ஆசை இருக்கிறவர்கள் பெரிய மேடை நாடகங்களைப் பார்ப்பது எப்படி? லண்டனிலும் நியூயார்க்கிலும் நல்ல இருக்கைகளின் விலையைக் கேட்டால் மாத வாடகை நினைவுக்கு வரும். அதற்கும் மாணவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1996-இல் ‘ரென்ட்’ என்ற நாடகம் பிராட்வேக்கு வந்தது. அதை எழுதி இசையமைத்த ஜானதன் லார்சன், ஒரு உணவு விடுதியில் பல வருடம் பரிமாறும் வேலை செய்துகொண்டே எழுதியவர். முதல் முன்னோட்டக் காட்சிக்கு முந்தைய இரவில், 35 வயதில் இறந்துபோனார். கையில் காசில்லாத இளைஞர்களைப் பற்றிய நாடகத்துக்கு அவர்களே வர முடியாவிட்டால் எப்படி என்று, முன்னால் இரண்டு வரிசை இருக்கைகளை 20 டாலருக்கு ஒதுக்கினார்கள். மாணவர்கள் முதல் நாள் இரவே வந்து தெருவில் படுத்து வரிசை பிடித்தார்கள். இன்று பல நாடகங்களில் அன்றன்றைக்குக் குறைந்த விலை டிக்கெட், குலுக்கல் டிக்கெட் என்று இருப்பதற்கு அது பெரிய முன்னுதாரணம். இப்போது தெருவில் படுக்க வேண்டாம், செயலியில் விரலை வைத்துக் காத்திருந்தால் போதும். என்ன, அது திறக்கிற நேரம் காலை வகுப்பு நடக்கும் நேரம். பேராசிரியர்கள் மன்னிக்கட்டும்.

சாண்ட்ஹைமைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அவர் மாணவராக இருந்த கதை கேட்கத் தகுந்தது. பதினைந்து வயதில், தன் பள்ளியைப் பற்றி ஒரு இசை நாடகம் எழுதினார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து, முகம் தெரியாத ஒருவர் எழுதியதாக நினைத்துப் படித்துச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெரியவர் நாம் முன்பு பார்த்த ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன்! அப்படிப் பார்த்தால், நான் படித்ததிலேயே மிக மோசமானது இதுதான் என்று சொல்லிவிட்டார். பையன் சுருங்கிப்போனான். பிறகு அந்த நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, எந்த இடம் ஏன் தவறு என்று அந்தப் பிற்பகல் முழுவதும் விளக்கினார். முடிவில் நான்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். உனக்குப் பிடித்த ஒரு நாடகத்தை எடுத்து இசை நாடகமாக்கு. குறையிருக்கிறது என்று உனக்குத் தோன்றுகிற நாடகம் ஒன்றை எடுத்து அப்படியே செய். அடுத்தது, நாடகமாக இல்லாத ஒரு கதையிலிருந்து. கடைசியாக முழுக்க உன் சொந்தச் சரக்கு. இந்த நான்கையும் செய்ய சாண்ட்ஹைமுக்குக் கல்லூரிக் காலமும் அதற்கு மேலும் பிடித்தது. வில்லியம்ஸ் கல்லூரிக்கு அவர் போனபோது கணக்கு படிக்கலாம் என்று எண்ணியிருந்தவர்; ராபர்ட் பாரோ என்ற இசை ஆசிரியரின் வகுப்பு அவரைத் திருப்பியது. இசை வானத்திலிருந்து இறங்குவதில்லை, கட்டிடம் கட்டுவதுபோல உட்கார்ந்து கட்டுவது என்று அந்த ஆசிரியர் காட்டினார். கணக்கு வந்த மூளைக்கு அது பிடித்துப்போனது.

வேடம் கிடைக்காத கோபத்தில் பிறந்த நாடகமும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் என்று இரண்டு மாணவர்கள். கல்லூரி நாடகத்தில் ஒருவருக்குக் கேமராவோடு வந்துபோகும் ஆள் வேடம், மற்றவருக்குப் பின்வரிசையில் ஆடும் வேலை. போகட்டும், நாமே ஒன்று எழுதுவோம் என்று ‘எட்ஜஸ்’ என்ற பாட்டுத் தொகுப்பை எழுதி, 2005-இல் ஊரிலேயே ஒரு சின்ன அரங்கில் பாடினார்கள். அப்போது ஃபேஸ்புக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமேயான புது விஷயம். அதன் வழியாகப் பாட்டுகள் மற்றக் கல்லூரிகளுக்குப் பரவி, அங்கேயும் மேடை ஏறின. 2017-இல் ‘லா லா லேண்ட்’ படப் பாட்டுக்கு ஆஸ்கரும், ‘டியர் இவான் ஹேன்சன்’ நாடகத்துக்கு டோனியும் ஒரே வருடத்தில் வாங்கினார்கள். லின்-மானுவல் மிராண்டா வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ‘இன் தி ஹைட்ஸ்’ நாடகத்தின் முதல் வடிவத்தை எழுதி, 2000-இல் மாணவர் அரங்கில் போட்டார். அது பிராட்வேயைத் தொட எட்டு வருடம் ஆயிற்று. அவருடைய ‘ஹாமில்டன்’ நாடகத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஏன் இது பல்கலைக்கழகத்தில் நடக்கிறது? என் கணிப்பைச் சொல்கிறேன். பெரிய அரங்கில் ஒரு இசை நாடகம் போடக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பணம் போட்டவர் ஏற்கெனவே ஓடியது எது என்றுதான் கேட்பார். மாணவர் மன்றத்தில் தோற்றால் போவது ஒரு வார டிக்கெட் காசு. அதோடு, பாடத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர், விளக்குப் போடத் தெரிந்தவர், தைக்கத் தெரிந்தவர் எல்லாரும் ஒரே வளாகத்தில், சம்பளம் கேட்காத வயதில் இருக்கிறார்கள். வாழ்க்கையில் மறுபடி அப்படி வாய்ப்பதில்லை. தேர்வுத் தேதி நெருக்குவதால் நாடகத்தை நீட்டவும் முடியாது.

மாணவர் நாடகங்கள் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பல சுமார். சில தாங்க முடியாது. ஒத்திகையில் மூழ்கி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறைப்பானேன். மன்றத்தில் பாடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மேடைக்குப் போகப்போவதும் இல்லை. என் தங்கை மகள் கழிவுநீர்க் குழாய்களின் சாய்வைக் கணக்கிடும் வேலைக்குத்தான் போகப்போகிறாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை பார்க்கிற ஊரில் ஒரு பாட்டுக் கோஷ்டி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவைத்திருக்கிறாள்.

இந்த மன்றங்கள் எல்லாம் உயிரோடு இருப்பது டிக்கெட் காசில். உரிமைத் தொகை, அரங்க வாடகை, விளக்கு, வாத்தியம் எல்லாம் அதிலிருந்துதான். நம் ஊர்க் கல்லூரிகளில் நாடகம் போடுகிற பிள்ளைகளின் நிலையும் பெரிதாக வேறு இல்லை. ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியிலிருந்து நேரம் கழித்து வந்து ஒத்திகை என்று சொன்னால், பாடம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள், தப்பில்லை. கேட்டு முடித்ததும், நாடகம் என்றைக்கு, டிக்கெட் எவ்வளவு என்றும் கேளுங்கள். அப்பா அம்மா என்று ஓசியில் போய் உட்காராமல், காசு கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்குங்கள்.